துடக்கோடு நின்று சொன்ன நன்றி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கையெழுத்து வைக்கப் போன என் கணவர் திரும்பி வரவில்லை.

அகதி வழக்கில் தோற்றவர்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய், இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறோம் என்று கையெழுத்து வைக்க வேண்டும். நிமலன் மூன்று வருடமாக ஒரு தவணைகூடத் தவறியதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறார். ரயில் ஓடாத நாளில், தங்கியிருந்த அப்டன் பார்க்கில் இருந்து நடந்தும் போயிருக்கிறார். சொல் கேட்டு நடக்கிற மனிதனைப் பிடிப்பதுதான் சுலபம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மத்தியானம் ஒன்றரைக்குத் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது. நான் வேலை செய்யும் மருந்துக்கடையின் பின்பக்கத்தில் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“சுகந்தி, என்னை மறிச்சுப்போட்டாங்கள். பயப்பிடாதையும்.”

“எங்கை வைச்சிருக்கிறாங்கள்?”

“தெரியேல்லை. வானிலை ஏத்தப் போறாங்களாம். மாமியிட்டைச் சொல்லும், புட்டுச் சாப்பிட்டிட்டன் எண்டு.”

அவ்வளவுதான். மாமி என்றது என் அம்மாவை. முதல் நாள் அம்மா கொடுத்துவிட்ட புட்டுப் பார்சலைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார், நாடு கடத்தப்படப் போகிற மனிதர். கவுன்டரில் ஒரு முதியவர் பிரஷர் குளிசைக்காகக் காத்து நின்றார். அவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டினேன். அன்று கந்தசஷ்டி விரதத்தின் முதல் நாள். விடிந்ததில் இருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தேன். “முருகா, அவரை விமானத்தில் ஏற்ற விடாதே. ஆறு நாளும் இப்படியே தண்ணீரோடு பிடிக்கிறேன்” என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினேன்.

இதை வாசிக்கும் அடியார்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். ஆர்ச்வே மேட்டு முருகனிடம் சனி ஞாயிறில் வருகிற, மடைப்பள்ளியில் காய் வெட்டுகிற, யாராவது பிரசாத வரிசையில் இடையில் புகுந்தால் வாய் திறந்து கேட்டுவிடுகிற சுகந்தி நான். வீடு பார்க்கிங் என்ற புறநகரில். பதினொரு வயதில் அப்பா, அம்மா, அண்ணையோடு யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்தேன். எங்களை நம்பினார்கள். பிரஜாவுரிமையும் தந்தார்கள். இருபது வருடம் பிந்தி அதே பயத்தோடு வந்த நிமலனை நம்பவில்லை. முதல் விண்ணப்பமும் தோற்றது, அப்பீலும் தோற்றது. ஏன் எங்களுக்கு ஓம், அவருக்கு இல்லை என்று நான் முருகனிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவன் பதில் சொன்னதில்லை.

அவரை முதலில் கண்டதும் மடைப்பள்ளியில்தான். அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு.

“இதென்ன, மாட்டுக்கோ வெட்டுறியள்?” என்று கேட்டேன்.

“மன்னிக்கோணும். எனக்குப் பலகை மட்டும்தான் நேரா வெட்ட வரும்,” என்றார்.

ஊரில் தச்சு வேலை செய்தவர். இங்கே வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை, அதனால் கோயிலில் வந்து நின்றார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தே என் வயது போயிருந்தது. டயாலிசிஸ் முடிந்து களைத்து வரும் அப்பாவை எங்கள் மாடிப்படியில் கைத்தாங்கலாக ஏற்றிவிட நிமலன் கிழமைக்கு மூன்று நாள் வரத் தொடங்கினார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். அண்ணைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

“விசாவுக்காகச் சுத்துறான்,” என்றார் அண்ணை.

“நாங்கள் என்ன விசாவோடையோ வந்தனாங்கள்?” என்று கேட்டுவிட்டு மூன்று மாதம் அவரோடு கதைக்காமல் இருந்தேன்.

கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, மாசி மாதம், அப்பா போய்விட்டார்.

எங்கள் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கை அதில்தான் மாட்டியது. தகப்பன் செத்த வீட்டில் ஒரு வருடம் திரும்பும்வரை தாலி கட்டுவதில்லை. ஆனால் லோயரோ அவசரப்படுத்தினார். நிமலனை மனைவி என்ற முறையில் நான் ஸ்பொன்சர் செய்யலாம், அதற்குச் சட்டப்படி திருமணம் நடந்திருக்க வேண்டும் என்றார். அம்மா இரண்டு நாள் யோசித்து ஒரு வழி சொன்னார்.

“எழுத்தை முடியுங்கோ. எழுத்துக்கு வருஷம் பாக்கத் தேவையில்லை. தாலியை அப்பாவின்ரை ஆட்டைத்திவசம் முடிஞ்சு பங்குனியிலை கட்டுவம். அதுமட்டும் அவர் அங்கை, நீ இஞ்சை.”

எழுத்து என்றால் பதிவுத் திருமணம். ஆனி மாதம் பார்க்கிங்கில் கவுன்சில் மண்டபத்தில் அது நடந்தது. சாதாரண சேலை. மாலை இல்லை. படம் நாலே நாலு, துக்க வீடு என்பதால் ஒன்றிலும் யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அப்டன் பார்க்கில் மூன்று பேரோடு இருந்த அறைக்குப் போனார். நான் அம்மாவோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எத்தனையோ வீடுகளில் எழுத்து முடிந்து மாதக்கணக்கில் பெண் ஒரு வீடும் மாப்பிள்ளை ஒரு வீடுமாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

ஆவணியில் இரண்டு பேரையும் தனித்தனி அறையில் வைத்து விசாரித்தார்கள். என்னைக் கேட்ட அதிகாரி மரியாதையானவர். உங்கள் கணவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு நாளாவது ஒரே வீட்டில் தங்கியிருக்கிறீர்களா? இல்லை. ஏன்? அதற்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடிக்கலாம் போல இருக்கிறது. எங்களுக்கு இன்னும் கலியாணம் முடியவில்லை, தாலி கட்டவில்லை, நாங்கள் ஒழுக்கமான குடும்பம் என்று நல்ல ஆங்கிலத்தில், பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

புரட்டாசியில் கடிதம் வந்தது. இவர்கள் கணவன் மனைவியாக வாழவில்லை, திருமணம் முடியவில்லை என்று மனைவியே சொல்கிறார், எனவே இது உண்மையான உறவு என்று ஏற்க முடியாது. அடுத்த மாதமே அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

விரதத்தின் நாலாம் நாள், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அவரை வைத்திருந்த இடத்துக்குப் போனேன். ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் அவர். கையைப் பிடிக்கலாமா என்று காவலரைக் கேட்டேன். தலையை ஆட்டினார். எழுத்து முடிந்து நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் முதல்முதல் அவருடைய கையைப் பிடித்தேன். உள்ளங்கை முழுக்க உளி பிடித்த காய்ப்பு. “சாப்பிடாமல் வந்திருக்கிறீர் போலை,” என்றார். வேறு என்ன கதைத்தோம் என்று நினைவில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. லோயர் கோர்ட்டில் கடைசியாகத் தடை கேட்டிருந்தார். நாலு மணிக்குப் போன் எடுத்தார். கிடைக்கவில்லை. விமானம் ஆறரைக்கு.

நான் சமையலறைக்குப் போனேன். தாச்சியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றி இரண்டு முட்டை உடைத்துப் பொரித்தேன். நின்றபடியே தின்றேன். சஷ்டி விரதத்தில், சூரசம்ஹாரத்துக்கு முதல் நாள், சாமி அறைக்குக் கேட்கிற தூரத்தில். பசிக்காகத் தின்னவில்லை. அவனைப் பழிவாங்கத்தான் தின்றேன். ஒரு மனிதன் உன் மடைப்பள்ளியில் மூன்று வருடம் காய் வெட்டினான், அவனுக்கு இதுதானா என்று கத்தினேன். கண்ணீரும் முட்டையும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கின.

அம்மா வாசலில் நின்று பார்த்தார். ஏசவில்லை. சீனி வியாதிக்காரி என்று அந்த வருடம் அவர் விரதம் பிடிக்கவில்லை. உள்ளே வந்து என் கையில் இருந்த தாச்சியை வாங்கினார். சவுக்காரம் போட்டு இரண்டு முறை கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

“நீ விட்டதை நான் பிடிக்கிறன்,” என்றார். அன்றைக்கு மிச்சமும் அடுத்த நாள் முழுதும் அம்மா பாலும் தண்ணீரும்தான்.

கொழும்பில் இறங்கியவரைப் பற்றி இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. அந்த இரண்டு நாளை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை மாலை வவுனியாவில் இருந்து அவருடைய அக்கா போன் எடுத்து, ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார், படுத்திருக்கிறார் என்றார். விசாரித்துவிட்டு வெளியே விட்டார்களாம். அந்த இரண்டு நாளைப் பற்றி நிமலன் இன்றுவரை என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்பதில்லை.

பிறகு தொடங்கியது காத்திருப்பு. இனி அங்கே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவின் வருடம் திரும்பியது. அப்படியானால் நானே வவுனியாவுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டு, அந்தப் படங்களோடு விண்ணப்பிக்கலாம் என்று வைகாசியில் ஒரு நாள் குறித்தோம். அம்மாவும் வருவதாக டிக்கெட் போட்டோம். அம்மா அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட் முழுவதும் என்னை அலைத்து, அரக்கு நிறத்தில் ஒரு கூறைச்சேலை எடுத்தார். பறப்பதற்கு நாலு நாள் இருக்கும்போது அவருக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரியில் அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து உள்ளே சின்னக் குழாய் வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு விமானம் ஏறக் கூடாது என்றார்கள்.

“நீ போ மோனை. நான் செத்துப்போக மாட்டன்,” என்றார் அம்மா, மூக்கில் ஒட்சிசன் குழாயோடு.

நான் போகவில்லை. எப்படிப் போவேன்? கூறைச்சேலை அலுமாரிக்குள் போனது.

ஆனியில் விண்ணப்பித்தோம். மார்கழியில் மறுத்துவிட்டார்கள். பழைய காரணம் அப்படியே இருந்தது. கீழே புதிதாக ஒரு வரி: மனைவி ஒருமுறைகூடக் கணவரைப் போய்ப் பார்க்கவில்லை. அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆனால் கடிதத்தை அவர் யாரையோ கொண்டு வாசிப்பித்திருக்கிறார். அதன் பிறகு இரண்டு கிழமை என்னை நேராகப் பார்க்கவில்லை.

அப்பீல் போட்டோம். அந்தக் காலத்தில் நான் கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தேன். கேட்டவர்களுக்கு வேலை என்றேன். உண்மையில் அவனுடைய முகத்தைப் பார்க்க விருப்பமில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா தனியாகப் போனார். பார்க்கிங்கில் ரயில் ஏறி அப்பர் ஹாலோவேயில் இறங்கி, மேட்டில் பஸ் பிடித்து, மத்தியானப் பூசை பார்த்து, அதே வழியில் திரும்புவார். குழாய் வைத்த நெஞ்சோடு. திரும்பி வர வழக்கத்தை விடப் பிந்தும். கேட்டால் ரயில் பிந்திவிட்டது என்பார். எப்போதும் ரயிலின் தலையில்தான் போடுவார்.

வழக்கு விசாரணைக்கு மூன்று கிழமை இருக்கும்போது புது லோயர் வீட்டுக்கு வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. ஆங்கிலம்தான் கதைப்பாள், இடையில் நாலு தமிழ்ச் சொல் வரும். நானும் நிமலனும் கதைத்த போன் பதிவுகள் கட்டுக்கட்டாக இருந்தன. அவளுக்குத் திருப்தி இல்லை. இப்படிக் காட்டுவதற்காகவே கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள், குடும்பத்தில் வேறு யாராவது அவரோடு தொடர்பில் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

“இல்லை,” என்றேன்.

அம்மா கதிரையில் நெளிந்தார். பிறகு சேலைத் தலைப்பில் துடைத்துத் தன் போனை நீட்டினார்.

“ஆன்ட்டி, என்ன இது?” என்றாள் அந்தப் பிள்ளை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், இரண்டேகால் மணிக்கு, வவுனியாவுக்கு ஒரு அழைப்பு. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளிக்கிழமைகூட, இரண்டு நிமிடம். கோயிலால் வருகிற வழியில் அப்பர் ஹாலோவே ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து எடுத்திருக்கிறார். நிமலனை விமானம் ஏற்றிய அடுத்த கிழமையில் இருந்து ஒரு வெள்ளி தவறவில்லை.

“என்னம்மா கதைக்கிறனீங்கள்?” என்று கேட்டேன்.

“என்ன கதைக்கிறது. சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பன். நீ என்னத்துக்குக் கோவிச்சுக்கொண்டு திரியிறாய் எண்டு சொல்லுவன்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“பிரிச்சு வைச்சவள் எந்த முகத்தோடை சொல்லுறது?”

லோயர் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினாள். கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

புரட்டாசியில் விசாரணை. அம்மா சாட்சி சொன்னார். மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், அமைதியானவர். “அம்மா, மெதுவா சொல்லுங்க, நான் சொல்லிடறேன்,” என்று தைரியம் கொடுத்தார். நீதிபதி ஒரு பெண். அவர் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாத இவர்களைக் கணவன் மனைவி என்று நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நீதிபதியை நேராகப் பார்த்தார்.

“நான்தான் அம்மா மறிச்சு வைச்சனான். இவையள் ஒருத்தரை ஒருத்தர் விரும்பாத ஆக்கள் எண்டால் நான் ஏன் காவல் இருக்கப் போறன்? பிழை என்னிலை. அவரை வர விடுங்கோ. வந்த அடுத்த நாளே தாலியைக் கட்டுவிக்கிறன். இது நான் உங்களுக்குத் தாற வாக்கு.”

மொழிபெயர்த்தவர் முடித்ததும் அரசாங்கத்து லோயர் கேட்பதற்கு எதுவும் இல்லை என்றார்.

அந்த வருடச் சஷ்டியையும் அம்மாவே பிடித்தார், பாலும் பழமுமாக. சூரசம்ஹாரம் முடிந்து ஒன்பதாம் நாள் தீர்ப்பு வந்தது. அப்பீல் வென்றது. இது உண்மையான திருமணம், அவர்கள் பிரிந்திருந்தது அவர்களுடைய வழக்கத்துக்கு அவர்கள் கொடுத்த மரியாதை என்று நீதிபதி எழுதியிருந்தார். நான் கடிதத்தோடு படிக்கட்டில் இருந்துவிட்டேன். அம்மா சாமி அறைக்குப் போய் விளக்குக் கொளுத்தினார். என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போய்ப் பக்கத்தில் நின்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு விபூதி பூசினேன்.

இந்த இடத்தில் இந்தச் சாட்சியை முடிக்க எனக்கு எவ்வளவு ஆசை.

தை மாதம் விசா குத்திக் கிடைத்தது. நிமலன் விமானம் ஏற இன்னும் பதின்மூன்று நாள். அம்மா அலுமாரியைத் திறந்து கூறைச்சேலையை எடுத்து, மடிப்பு மாற்றி மடித்து, கதிரையில் காற்றாட வைத்தார். அடுத்த நாள் மத்தியானம் நான் வேலையால் வந்தபோது அந்தக் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் சாய்ந்து இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. “அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினேன். இரண்டாவது சப்பாத்தைக் கழற்றும்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

கிரியை பற்றிப் பேச ஐயர் வீட்டுக்கு வந்தார். துடக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். சாவீட்டுத் துடக்கோடு கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. கலியாணம் முடிந்த மகளுக்குத் தாய் செத்தால் மூன்று நாள். முடியாத மகளுக்கு முப்பத்தொரு நாள். ஐயர் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணையைப் பார்த்தார்.

“தங்கச்சி கலியாணம் முடிச்சவவோ?”

அண்ணை தொண்டையைச் செருமினார். “எழுத்து முடிஞ்சுது ஐயா. தாலி இன்னும் ஏறேல்லை.”

“அப்ப அவவுக்கும் முப்பத்தொரு நாள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சாவீட்டில், எல்லோருக்கும் முன்னால், வாய் பொத்திச் சிரித்தேன். இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள். நீதிபதி நான் மனைவிதான் என்று எழுதித் தந்திருக்கிறார், ஐயரின் கணக்கில் நான் இன்னும் குமர். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அண்ணை வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நிமலன் வந்த நாள் அம்மா போய்ப் பன்னிரண்டாம் நாள். விமான நிலையத்தில் ஒரு பையோடு வெளியே வந்தார். மெலிந்து, காதோரம் நரைத்து. இரண்டேகால் வருடம் நான் மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி அது. என் மனதில் எப்போதும் அம்மா எனக்கு ஒரு அடி முன்னால் நிற்பார். அன்று அந்த இடம் வெறுமையாக இருந்தது. நிமலன் அந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தார்.

“வீட்டுக்குப் போவமோ?” என்றார்.

“முதல்லை ஆர்ச்வேக்கு.”

“உள்ளை போகேலாதே, சுகந்தி.”

“ஏலாது. எதிர்ப்பக்கத்திலை நிப்பம்.”

அப்படித்தான் நின்றோம். கோயிலுக்கு எதிர்ப்புறம், சாலையின் இந்தப் பக்கம், பையையும் வைத்துக்கொண்டு. நடுவே லொறிகளும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. மத்தியானப் பூசை மணி ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையில் கேட்டது. இரண்டு வருடம் உள்ளே போகலாம், போகவில்லை. இன்று போக வேண்டும், போக முடியாது.

அங்கே வைத்துத்தான் நிமலன் அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னார்.

“மாமி முதல் எடுத்த அண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லை. அழுதா. தம்பி, பிழை என்னிலை எண்டு மட்டும் சொன்னா. கடைசி வெள்ளி எடுக்கேக்கை நல்ல சந்தோசம். விசா வரப்போகுது எண்டு அவவுக்கு நம்பிக்கை. அண்டைக்கு ஒண்டு சொன்னவ.”

“சொல்லுங்கோ.”

“முருகனிட்டை நான் கேட்டது ஒண்டுதான் தம்பி, நான் பாக்காட்டிலும் பரவாயில்லை, என்ரை பிள்ளை பாத்தால் போதும் எண்டு. அதாலை எனக்கு ஏதும் நடந்தால் என்ரை வருஷத்தைப் பாக்காதேங்கோ. தேப்பன்ரை வருஷம் பாத்தது காணும் எண்டு சொன்னா.”

எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. கோயிலைப் பார்த்து, சாலையைத் தாண்டி முருகனுக்குக் கேட்கும்படி கத்தினேன். “அவ சொன்னால் நீ உடனை பிடிச்சுக்கொள்ளுறதோ? ஒரு தாய் வாய்ப்பேச்சுக்குச் சொல்லுறதை நீ கணக்கு வைப்பியோ?” பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரி ஒருத்தி எங்களை விட்டுத் தள்ளி நின்றாள். நிமலன் என் கையைப் பிடித்தார். காவலர் இல்லாமல், யாரிடமும் கேட்காமல், முதல் தடவை. அந்தக் கையைப் பார்த்தேன். அதே காய்ப்பு. கெஞ்சிக் கேட்டேனே, அந்தக் கைதான். வந்துவிட்டது.

“நன்றி முருகா,” என்றேன். ஏசிய அதே மூச்சில்தான் நன்றியும் சொன்னேன். இரண்டும் உண்மை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து துடக்குக் கழிந்தது. அடுத்து வந்த நல்ல நாளில் தாலி கட்ட வேண்டும் என்று கேட்டபோது ஐயர் தயங்கினார். வருடம் திரும்பவில்லையே என்றார். பதில் சொன்னது அண்ணை, ஒரு காலத்தில் விசாவுக்காகச் சுத்துகிறான் என்றவர்.

“அம்மா ஜட்ஜுக்கு வாக்குக் குடுத்தவ ஐயா. அடுத்த நாள் எண்டு சொன்னவ. ஏற்கெனவே பிந்திப்போச்சு.”

மேளம் இல்லை. பந்தல் இல்லை. வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் லோயர் பிள்ளையும் ஒருத்தி. கூறைச்சேலையை நான் இஸ்திரி போடவில்லை. அம்மா மடித்த மடிப்பு அப்படியே தெரிந்தது. நிமலன் தாலியைக் கட்டும்போது அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே வேலன் நின்றான். நான் அவனை நேராகப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் இடையில் தீராத பேச்சு இருக்கிறது, ஆனால் இனிப் பார்க்காமல் இருக்கப் போவதில்லை.

இப்போது நிமலன் தச்சு வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு லீவு எடுத்துக்கொள்கிறேன். ரயிலில் அப்பர் ஹாலோவேயில் இறங்கி இரண்டு பேரும் கோயிலுக்குப் போகிறோம். திரும்பும்போது அந்த ஸ்டேஷன் வாங்கில் கொஞ்ச நேரம் இருப்போம். இரண்டேகால் தாண்டும்வரை நிமலன் போனை வெளியே எடுக்க மாட்டார்.

அடியார்களே, உங்களில் யாருக்காவது இப்படிக் கடிதம் வந்திருந்தால், கையெழுத்து வைக்கப் போகும் ஒருவரை அனுப்பிவிட்டு நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், மடைப்பள்ளிக்கு வாருங்கள். நான் அங்கே நிற்பேன். எழுத்து முடிந்தவர்களைப் பிரித்து வைக்காதீர்கள் என்று உங்கள் தாய் தகப்பனிடம் நான் வந்து கதைக்கிறேன். அவனை நம்புங்கள். கோபம் வந்தால் ஏசுங்கள், அவன் தாங்குவான். நான் கேட்காமல் விட்ட இரண்டு வருடமும் என் பிரார்த்தனை நின்றுவிடவில்லை. குழாய் வைத்த நெஞ்சோடு ஒருத்தி அந்த மேட்டில் ஏறிப் போய் எனக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உங்களுக்கும் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். உங்களுக்குச் சொல்லாமலே.

இந்த ஐப்பசியில் நான் மறுபடியும் சஷ்டி பிடித்தேன். ஐந்தாம் நாள் பின்னேரம் தலை சுற்றியது. நிமலன் பகிடிக்குத் தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்து, “முட்டை இருக்கு, பொரிக்கட்டோ?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அந்தத் தாச்சியை எடுத்து, அழுக்கே இல்லாததைச் சவுக்காரம் போட்டு இரண்டு முறை கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சாமி அறைக்குப் போனேன். முருகனுக்குப் பக்கத்தில் அம்மாவின் படம் இருக்கிறது.

“நீங்கள் விட்டதை நான் பிடிக்கிறன் அம்மா,” என்றேன்.